குடும்பத்தோடு ஒரு கானகச் செலவு

பூங்கா என்னும் சொல்லைக் கேட்டதும் நீலசந்திராவில் வாழும் தமிழருக்கு நினைவில் வருவது லால்பாக். மாலையில் காலாற நடந்து, நிழலில் அமர்ந்து, கடலை கொறித்து, விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு திரும்பும் இடம் அது. அங்கே மரத்தை நட்டவர் மனிதர். பாதையை வகுத்தவர் மனிதர். எந்தப் பூ எப்போது பூக்கும் என்று கணக்கிட்டுப் பாத்தி கட்டியவரும் மனிதரே. 'தேசியப் பூங்கா' என்ற பெயரிலும் பூங்கா இருப்பதால், அதுவும் இத்தகைய இடமே, சற்றுப் பெரியது, புலியும் யானையும் உள்ளது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அந்த எண்ணத்தோடு புறப்படும் குடும்பம் பணத்தையும் நாளையும் செலவிட்டு, "போனோம், ஒன்றையும் காணோம்" என்ற சலிப்போடு திரும்புகிறது.

பூங்கா என்பது பூவும் காவும் சேர்ந்த சொல். கா என்றால் சோலை. ஆனால் தேசியப் பூங்கா யாரும் நட்டு வளர்த்த சோலை அன்று. தானே முளைத்துத் தானே தழைத்த காடு. அமெரிக்காவில் 1872ஆம் ஆண்டு எல்லோஸ்டோன் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் 1936ஆம் ஆண்டு இமயமலை அடிவாரத்தில் முதல் தேசியப் பூங்கா தோன்றியது. இன்று அது ஜிம் கார்பெட் பெயரால் வழங்குகிறது. 1972ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், தேசியப் பூங்காவினுள் வேட்டையையும் கால்நடை மேய்ச்சலையும் விலக்கியது. உள்ளே நுழைவதற்கே அனுமதி வேண்டும் என்றது. சுருங்கச் சொன்னால், அந்த வீட்டின் உரிமையாளர் விலங்குகள், நாம் விருந்தினர். விருந்தினர் நினைத்த நேரத்தில் கதவைத் தட்டலாகாது. காட்டுப் பயணத்தைத் திட்டமிடுவோர் மனத்தில் முதலில் பதிய வேண்டிய செய்தி இதுவே: அங்கே நம் கடிகாரம் ஓடாது, காட்டின் கடிகாரமே ஓடும்.

இதை மாணவர் இதழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீலசந்திரா, ஆனேபாளையா, ஆஸ்டின் டவுன், விவேக்நகர்ப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு விடுமுறை என்றால் ஊருக்குப் போவது என்றே பொருள். பொங்கலுக்கும் ஆடிக்கும் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் பயணம் உண்டு. உறவினர் வீடு இல்லாத ஓர் ஊருக்கு, பார்ப்பதற்கென்றே போவது என்பது பல வீடுகளில் இதுவரை நடவாதது. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லாத வீடும் நம்மிடையே உண்டு. அத்தகைய வீட்டில், "எங்காவது போய்வரலாம்" என்ற பேச்சு எழும்போது, எல்லோருடைய கண்களும் கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் மீதுதான் விழும். கன்னட அறிவிப்பையும் ஆங்கிலப் படிவத்தையும் படிக்க வல்லவர் அந்தப் பிள்ளையே. தந்தை சேர்த்த பணமும் தாய் கேட்டு வாங்கிய விடுப்பும் பாட்டியின் உடல்நலமும் அந்தப் பிள்ளையின் சொல்லை நம்பிப் புறப்படுகின்றன. ஆகவே திட்டமிடுதல் இங்கே பொழுதுபோக்கு அன்று, பொறுப்பு.

எந்தக் காடு?

நீலசந்திராவிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் பன்னேர்கட்டா இருக்கிறது. நகரப் பேருந்திலேயே போய்வரலாம். ஆனால் அந்தப் பெயரில் இரண்டு இடங்கள் உள்ளன என்பதை அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று, 1974ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா. அது காட்டு யானைகள் நடமாடும் உண்மையான காடு. மற்றொன்று, அக்காட்டின் ஒரு பகுதியில் அமைந்து, 2002ஆம் ஆண்டு தனியாகப் பிரிக்கப்பட்ட உயிரியல் பூங்கா. நாம் சீட்டு வாங்கி நுழைவது இந்த இரண்டாவது இடத்தில்தான். விலங்குக் காட்சிச்சாலையும், வேலியிட்ட பெரும் பரப்பில் சிங்கம், புலி, கரடிகளைப் பேருந்தில் இருந்தபடி காணும் சபாரியும் அங்கே உண்டு. 2006ஆம் ஆண்டு திறந்த பட்டாம்பூச்சிப் பூங்காவும் உண்டு. தெருத்தெருவாக ஆட்டப்பட்டு வந்த கரடிகள் மீட்கப்பட்டு அங்கே அமைதியாக வாழ்கின்றன. செவ்வாய்க்கிழமை விடுமுறை நாள் என்பதை நினைவிற் கொள்க.

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும், நெடுந்தொலைவு பயணம் தாங்காத முதியவர் உள்ள வீட்டுக்கும் பன்னேர்கட்டாவே தக்கது. விலங்கைக் கண்டே தீர வேண்டும் என்ற ஆவல் உள்ள சிறுவர்க்கும் அதுவே ஏற்றது. அங்கே ஏமாற்றம் இல்லை. காட்டை அதன் இயல்பில் காண விரும்புவோர் மட்டும் மேலும் தொலைவு செல்லலாம்.

அவ்வாறு செல்வோர்க்கு உரிய இடம் பந்திப்பூர். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 220 கி.மீ. மைசூர் மன்னர்கள் வேட்டையாடிய காடு அது. 1931ஆம் ஆண்டு அதில் 90 சதுர கி.மீ. பரப்பு 'வேணுகோபால வனவிலங்குப் பூங்கா' என்ற பெயரில் காக்கப்பட்டது. 1941ஆம் ஆண்டு மேலும் விரிவாக்கப்பட்டது. 1973ஆம் ஆண்டு இந்திய அரசு புலிகளைக் காக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது முதன்முதல் எடுத்துக்கொண்ட ஒன்பது காடுகளில் பந்திப்பூரும் ஒன்று. அதன் தெற்கே மாயாறு ஓடுகிறது. ஆற்றுக்கு அப்பால் தமிழ்நாட்டின் முதுமலை. வடமேற்கே கபினி நீர்த்தேக்கம். அதற்கு அப்பால் நாகரகொளே. மேற்கே கேரளத்தின் வயநாடு. நாம் வரைந்த எல்லைகளால் இவை நான்கு காடுகள்; யானைக்கு இவையெல்லாம் ஒரே காடுதான்.

எந்தக் காலம்?

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் நம் வசதியும் காட்டின் இயல்பும் மோதுகின்றன. பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. தசரா விடுமுறை அக்டோபரில் வருகிறது. இவ்விரண்டில் எது நல்லது?

கோடையில் தேக்கும் பிற மரங்களும் இலை உதிர்த்து நிற்கும், புதர் மெலிந்திருக்கும், காட்டினுள் பார்வை நெடுந்தூரம் செல்லும். சிறு குட்டைகள் வற்றிவிடுவதால் விலங்குகள் எஞ்சிய ஏரிகளை நாடி வரும். கபினியின் நீர் வற்றி, கரையில் புல் முளைக்கும்போது யானைகள் கூட்டங்கூட்டமாக அங்கே கூடும். வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் நீர் வேண்டும். ஆகவே நீர் உள்ள இடத்தில் யானை உண்டு. விலங்கைக் காண்பதற்குக் கோடை நல்லது.

ஆனால் கோடை தீயின் காலமும் ஆகும். 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் பந்திப்பூரில் பரவிய தீ ஆயிரக்கணக்கான ஏக்கர் காட்டைக் கருக்கியது. தீ அச்சம் மிகும் ஆண்டுகளில் காட்டுச் சுற்றுலாவையே சில வாரங்கள் நிறுத்திவிடுவதும் உண்டு. அக்டோபரிலோ மழை ஓய்ந்து காடு பச்சைப்பசேல் என்று இருக்கும். மானும் மயிலும் கண்ணில் படும். ஆனால் பத்தடிக்கு அப்பால் புதருக்குள் நிற்கும் யானை தெரியாது. விலங்கை நாடுவோர் கோடையிலும், காட்டின் அழகை நாடுவோர் தசரா விடுமுறையிலும் செல்லலாம். எதைத் தேர்ந்தாலும் அதன் குறையையும் வீட்டாரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

காட்டின் கடிகாரம்

காலத்தைப் போலவே நாளின் பொழுதும் முக்கியம். பகல் பத்து மணிக்கு மேல் வெயில் ஏற ஏற விலங்குகள் நிழலுக்குள் ஒதுங்கும். விடியற்காலையிலும் சாயுங்காலத்திலும்தான் அவை மேயவும் நீர் அருந்தவும் வெளியே வரும். வனத்துறை சபாரி வண்டிகளைக் காலையிலும் மாலையிலும் மட்டும் விடுவது இதனால்தான். "இவ்வளவு தொலைவு வந்திருக்கிறோம், நண்பகலில் ஒரு வண்டி விடக்கூடாதா?" என்று அலுவலரிடம் வாதாடிப் பயனில்லை. வண்டி இருந்தாலும் விலங்கு இராது.

இரண்டாவது, இரவு. பந்திப்பூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. 2009ஆம் ஆண்டு இத்தடை வந்தது; 2010ஆம் ஆண்டு கர்நாடக உயர்நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. வண்டியின் விளக்கொளி கண்ணில் விழுந்ததும் மான் அசையாமல் நின்றுவிடும். ஓட்டுநர் அதைக் காண்பதற்குள் மோதல் நிகழ்ந்துவிடும். இரவில் சாலையைக் கடந்துதான் பல விலங்குகள் நீருக்கும் இரைக்கும் செல்ல வேண்டும். சாலைக்காரருக்குப் பகலும் காட்டுக்கு இரவும் என்று பங்கிட்டதே இந்தத் தடை. இதை அறியாமல் மைசூரில் பொருள் வாங்கிக்கொண்டு, உணவை முடித்துக்கொண்டு, இரவு 9 மணிக்குச் சோதனைச் சாவடியை அடையும் குடும்பம், உறங்கும் குழந்தையோடு வண்டியிலேயே விடியும் வரை காத்திருக்க நேரும். காட்டோரத்தில் தங்க இருப்பவர் மாலை 6 மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடத் திட்டமிட வேண்டும்.

மூன்றாவது, எதிர்பாராத அடைப்பு. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மைசூர், சாமராஜநகர் மாவட்டங்களில் காட்டை ஒட்டிய ஊர்களில் புலி தாக்கி மனிதர் உயிரிழந்தனர். அவ்வாண்டு நவம்பரில் கர்நாடக அரசு பந்திப்பூரிலும் நாகரகொளேயிலும் சபாரியை நிறுத்த ஆணையிட்டது. புலியைத் தேடிப் பிடிக்கும் பணிக்கு வனப்பணியாளர் அனைவரும் வேண்டியிருந்தனர். அப்போது பலருடைய விடுமுறைத் திட்டம் கலைந்தது. ஆனால் வயலுக்குச் சென்றவர் திரும்பாத வீட்டின் துயரை நோக்க, நம் ஏமாற்றம் எம்மாத்திரம்? காட்டைக் காண்பது நமக்கு இரண்டு நாள் இன்பம். காட்டோரத்து உழவருக்கோ அது முந்நூற்று அறுபத்தைந்து நாளும் உள்ள அண்டை வீடு. இத்தகைய ஆணை எந்த ஆண்டிலும் வரலாம். ஆதலின் சபாரி உண்டா என்பதை முன்பதிவு செய்யும்போது ஒருமுறையும், புறப்படுவதற்கு முதல்நாள் ஒருமுறையும் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு அறிதல் வேண்டும். சபாரி இல்லாவிடில் என்ன செய்வது என்ற இரண்டாவது திட்டமும் கையில் இருக்க வேண்டும்.

யாருக்கு ஏற்ற திட்டம்?

யானைக் கூட்டத்தை வழிநடத்துவது வலிமை மிக்க களிறு அன்று. வயது முதிர்ந்த பிடி. எந்தத் திசையில் நீர் உண்டு, எந்த வழியில் இடர் உண்டு என்பதை நெடுநாள் நினைவால் அறிந்தது அதுதான். கூட்டம் நடக்கும் வேகமும் கன்றுகளின் கால் வலிமைக்கு ஏற்றதே. குடும்பப் பயணத்துக்கும் இதைவிடச் சிறந்த இலக்கணம் இல்லை. வீட்டில் மூத்தவரும் இளையவரும் தாங்கும் அளவே திட்டத்தின் அளவு.

சபாரி வண்டியில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கீழே இறங்க முடியாது. சர்க்கரை நோய் உள்ள பாட்டிக்கும் ஏழு வயதுத் தம்பிக்கும் இது எளிதன்று. ஏறுவதற்கு முன் கழிவறைக்குச் சென்றுவரச் சொல்ல வேண்டும். அதற்கென அரைமணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும். திறந்த ஜீப்பில் விடியற்காலைக் குளிர் உறைக்கும். கம்பளிச் சட்டையும் தலைக்குத் துண்டும் தேவை. மேடுபள்ளப் பாதையில் முதுகு வலி உள்ளவருக்கு ஜீப்பைவிடப் பேருந்தே நலம், கட்டணமும் குறைவு. வளைவுச் சாலையில் தலைசுற்றும் பழக்கம் உள்ளவர்க்கு எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். கோடையில் காட்டுப் புல்லில் உண்ணிகள் இருக்கும். அவற்றால் பரவும் குரங்குக் காய்ச்சல் கர்நாடகக் காடுகளில் உண்டு. ஆகவே முழுக்கைச் சட்டையும் கணுக்கால் மறைக்கும் உடையும் அணிவது அறிவுடைமை.

"அங்கே கோயில் ஏதாவது இருக்காப்பா?" என்று பாட்டி கேட்டால் சிரித்துவிடாதீர்கள். நல்ல விடை ஒன்று உண்டு. பந்திப்பூர்க் காட்டினுள் 1,454 மீட்டர் உயரமுள்ள இமவத் கோபாலசுவாமி மலை இருக்கிறது. அதன் உச்சியில் வேணுகோபாலர் கோயில். 1931ஆம் ஆண்டின் பூங்காவுக்குப் பெயர் தந்தவர் அவர்தாம். தனியார் வண்டிகள் மலையேற அனுமதி இல்லை. அடிவாரத்திலிருந்து அரசுப் பேருந்து மேலே கொண்டுபோய் விடும். மஞ்சு தவழும் அம்மலையிலிருந்து நாற்புறமும் காட்டைக் காணலாம். பாட்டிக்குத் தரிசனமும் பேரனுக்குக் காடும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. சபாரி நிறுத்தப்பட்ட நாளிலும், மலைக்குப் பேருந்து ஓடுமானால், குடும்பத்துக்கு இது ஓர் ஆறுதல்.

செலவும் செலவும்

பழந்தமிழில் செலவு என்றால் பயணம். இன்று செலவு என்றால் பணம். இரண்டும் பிரியாதவை என்பதைச் சொல்லே காட்டுகிறது அன்றோ?

ஒரு தாளை எடுத்து நான்கு பத்திகளாகப் பிரியுங்கள்: போக்குவரத்து, தங்குமிடம், உணவு, சபாரி. ஒவ்வொன்றிலும் நிச்சயமான தொகையை எழுதிக் கூட்டி, அதோடு ஐந்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு என்று ஒதுக்குங்கள். அந்தத் தொகை கையில் சேர்ந்த பின்னரே நாளைக் குறியுங்கள். கடன் வாங்கிச் சென்ற பயணம் திரும்பிவந்த பின்னும் முடிவதில்லை.

போக்குவரத்தில் ஒரு பெருவசதி உண்டு. 2023ஆம் ஆண்டு ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் வாழும் பெண்கள், மாநிலத்துக்குள் ஓடும் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லலாம். கர்நாடக முகவரி உள்ள அரசு அடையாள அட்டை வேண்டும். பாட்டி, தாய், தங்கை என மூவர் உள்ள வீட்டில் இது சிறு மிச்சமன்று. குளிர்சாதன வண்டிகளுக்கும் மாநில எல்லை கடக்கும் வண்டிகளுக்கும் இச்சலுகை பொருந்தாது. ஆகவே பெங்களூரிலிருந்து நேரே ஊட்டி வண்டியில் ஏறுவதினும், மைசூருக்கு ஒன்று, அங்கிருந்து குண்டுலுபேட்டைக்கு ஒன்று என மாறிச் செல்வது சிக்கனம்.

தங்குமிடத்தில் காட்டுக்குள் இருப்பதே உயர்வு என்று எண்ண வேண்டியதில்லை. ஏறத்தாழ 20 கி.மீ. வடக்கே உள்ள குண்டுலுபேட்டையில் எளிய விடுதிகள் உண்டு, உணவகங்கள் உண்டு, மருந்துக் கடையும் மருத்துவமனையும் உண்டு. முதியவரும் குழந்தையும் உள்ள குடும்பத்துக்கு இவை காட்டுக் குடிலைவிட மேலானவை.

மூன்று நாள் திட்டம்

ஆறு பேர் கொண்ட குடும்பம் ஒன்று என்று கொள்வோம். வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாள்.

முதல்நாள் விடியற்காலையில் நீலசந்திராவை விட்டு, மைசூர்ச் சாலையில் உள்ள சாட்டிலைட் நிலையத்தில் மைசூர்ப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். காலை உணவு மைசூரில். அங்கிருந்து குண்டுலுபேட்டை ஏறத்தாழ 60 கி.மீ.; வழியில் நஞ்சன்கூடு. பாட்டியின் விருப்பம் அறிந்து சிரீகண்டேசுவரர் கோயிலில் இறங்கிச் செல்லலாம். பிற்பகலில் விடுதி சேர்ந்து ஓய்வு. அன்று வேறொன்றும் வேண்டா. மாலையில் ஆட்டோக்காரர் ஒருவரைப் பார்த்து, மறுநாள் விடியற்காலைக்குப் பேசி வைத்துக்கொள்வது மட்டும் மறவாத வேலை.

இரண்டாம் நாள் இருள் பிரியும் முன் எழுந்து சபாரி நிலையத்துக்குச் செல்ல வேண்டும். அது இப்போது பந்திப்பூரில் இல்லை. காட்டுக்கு வெளியே, ஊட்டிச் சாலையில் மேலுகாமனஹள்ளியில் இருக்கிறது. பழைய நினைவில் பந்திப்பூர் வரை சென்று திரும்புவோர் வண்டியைத் தவறவிடுவர். முன்பதிவுச் சீட்டைக் கைப்பேசியில் மட்டும் வைத்திராமல் தாளில் அச்சிட்டுக்கொள்க. காட்டோரத்தில் அலைவரிசை கிடைப்பது உறுதியில்லை. சபாரி முடிந்து காலை உணவு. பின்னர் கோபாலசுவாமி மலை. பிற்பகலில் ஓய்வு. மூன்றாம் நாள் நிதானமாகப் புறப்பட்டு, மைசூரில் நண்பகல் கழித்து, இரவு உணவுக்கு வீடு.

நான்காவது நாள் இருக்குமானால் எல்லை கடந்து முதுமலையின் தெப்பக்காட்டுக்குப் போகலாம். அங்குள்ள யானை முகாமில், களி உருண்டைகளைப் பாகன் ஊட்ட யானை உண்ணும் காட்சி சிறுவர் மறவாதது. 2023ஆம் ஆண்டு ஆஸ்கர் பரிசு பெற்ற ஆவணப்படத்தில் வந்த பொம்மனும் பெள்ளியும் யானைக் கன்றுகளை வளர்த்தது இம்முகாமில்தான். அரசுப் பேருந்தில் செல்வோர்க்குத் தடையில்லை. சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ நீலகிரி மாவட்டத்துக்குள் நுழைவோர், சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த இணைய அனுமதிச் சீட்டு விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதைக் காணப் போகிறோம்?

இதுவே தலையாய கேள்வி. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பந்திப்பூரில் 150 புலிகள் உள்ளன. இந்தியப் புலிக் காடுகளில் கார்பெட்டுக்கு அடுத்த எண்ணிக்கை அது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் காட்டின் மையப்பரப்பு ஏறத்தாழ 870 சதுர கி.மீ. ஒரு புலிக்கு ஏறத்தாழ ஆறு சதுர கி.மீ. லால்பாக் ஏறத்தாழ ஒரு சதுர கி.மீ. ஆறு லால்பாக்குகளைச் சேர்த்து, நடைபாதைகளை அழித்து, புதர் மண்ட விட்டு, அதற்குள் ஒரு புலியை விட்டால், ஒரே பாதையில் ஒன்றரை மணி நேரம் செல்பவர் கண்ணில் அது படுமா? சுற்றுலாவுக்குத் திறந்த பகுதியும் முழுக்காடு அன்று. மையப்பகுதியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் திறக்கலாகாது என்பது 2012ஆம் ஆண்டின் தேசிய விதிமுறை. ஆகவே, "புலி பார்க்கப் போகிறோம்" என்று தம்பியிடம் சொல்லாதீர்கள். "புலி இருக்கும் காட்டைப் பார்க்கப் போகிறோம்" என்று சொல்லுங்கள்.

புலி தென்படாவிட்டாலும் காடு பேசிக்கொண்டேதான் இருக்கும்; கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். மரத்தின் மேல் சாம்பல்நிற மந்தி திடீரென்று குரைப்பது போல் குரல் கொடுத்தால், கீழே புள்ளிமான் வாலை உயர்த்திக் கூவினால், அருகில் எங்கோ புலியோ சிறுத்தையோ நடமாடுகிறது என்று பொருள். வண்டிக்காரர் உடனே இயந்திரத்தை நிறுத்துவார். அந்த அமைதியில் ஆறு பேரும் மூச்சடக்கி இருக்கும் இரண்டு நிமிடம், புலியைக் கண்டாலும் காணாவிட்டாலும் நினைவில் நிற்கும். சாலையோர மரத்தில் நகக்கீறல், மணலில் பாதச்சுவடு, யானை முறித்த மூங்கில், உலர்ந்த சாணம் என எத்தனையோ எழுத்துக்கள் காட்டில் உண்டு.

அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் நம்மவரிலும் இருந்தார். நாங்குநேரியில் பிறந்து, சிவகாசிக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராகப் பணிபுரிந்த ஏ. ஜே. டி. ஜான்சிங், 1970களில் பந்திப்பூருக்கு வந்து செந்நாய்களை ஆராய்ந்தார். பலரும் வெறுத்த அந்த விலங்கு, கூட்டமாக வேட்டையாடித் தன் குட்டிகளைக் கூட்டமாகவே பேணும் இயல்பினது என்பதைக் கால்நடையாகப் பின்தொடர்ந்து கண்டு எழுதினார். நாட்டின் காட்டுயிர் அறிஞர்களில் முன்வரிசையில் வைத்து எண்ணப்பட்ட அவர் 2024ஆம் ஆண்டு மறைந்தார். குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கிய கபிலரின் மொழியைப் படிக்கும் நாம், ஒரு காலைப் பொழுதில் ஒன்பது உயிர்களையாவது பெயர் சொல்லி அறிய முயலலாகாதா? தங்கையின் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, கண்டவற்றை எழுதிவரச் சொல்லுங்கள்.

விருந்தினர் கடமை

காட்டில் வண்டியை விட்டு இறங்குதல் கூடாது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் பந்திப்பூர்ச் சாலையில் இறங்கி யானையைப் படம்பிடிக்க முயன்ற ஒருவரை அது துரத்தி மிதித்தது. அவர் உயிர் தப்பியது நற்பேறு. பின்னர் வனத்துறை அவருக்கு 25,000 ரூபாய் தண்டம் விதித்தது. விலங்குக்கு உணவு தருவதும் குற்றமே. சத்தியமங்கலம் காட்டுச் சாலையில் யானைகள் கரும்பு லாரிகளை எதிர்நோக்கி நிற்பதை நாம் செய்திகளில் காண்கிறோம். சாலையில் உணவு கிடைக்கும் என்று கற்ற விலங்கு சாலையிலேயே அடிபட்டுச் சாகும். தம்பி நீட்டும் ஒரு பிஸ்கட்டு, குரங்குக்கு அன்பாகத் தோன்றும் தீங்கு. நெகிழி உறைகளை வீட்டிலேயே விட்டுச் செல்க. நீருக்கு எவர்சில்வர்ப் புட்டி போதும். பாட்டு முழங்க வேண்டா. பளிச்சிடும் உடையும் வேண்டா.

நண்பர்களே, இவ்வளவையும் படித்தபின் இது பெரும் சுமை என்று தோன்றலாம். உண்மையில் செய்ய வேண்டியவை நான்கே. காட்டின் நேரத்தை அறிந்து நாளைக் குறித்தல். வீட்டில் மெலிந்தவரின் அளவுக்குத் திட்டத்தை வகுத்தல். கையில் உள்ள பணத்துக்குள் செலவை அடக்குதல். எதைக் காணக்கூடும், எதைக் காண இயலாமற் போகலாம் என்பதை உண்மையாகச் சொல்லுதல். முதல் மூன்றும் தாளும் எழுதுகோலும் இருந்தால் முடியும். நான்காவதற்குத்தான் துணிவு வேண்டும். ஆவலோடு இருக்கும் வீட்டாரிடம் குறையையும் சேர்த்துச் சொல்வது எளிதன்று. ஆயினும் அவ்வாறு சொல்லி அழைத்துச் சென்ற குடும்பம், புலியே வராத காலையிலும் மகிழ்ச்சியோடு திரும்பும். அடுத்த விடுமுறை தொலைவில் இருக்கும்போதே, இந்த ஞாயிற்றுக்கிழமை உணவுக்குப் பின் வீட்டார் எல்லோரையும் அமர்த்தி, தாளை விரித்து, முதலில் பாட்டியைக் கேளுங்கள்.